வொல்யூம் குமிழை, கடிகார முள்ளு 8 மணியைக் காட்டுற நிலைக்கு மேல திருப்ப ஏலாத அம்ப் எதுக்கு?

மேசையில வைக்கிற டாக்-அம்ப் (டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலா மாத்துற டாக்கும், அதைப் பெருக்குற அம்பும் ஒரே பெட்டியில) செய்யிறவங்களுக்கு வாட்ஸ் கணக்கு ஒரு பைத்தியம். டாக் 2 வோல்ட் தருது, கெயின் (பெருக்கம்) 4 மடங்கு, ஆக 8 வோல்ட். 1 மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் தர்ற 16 ஓம் இயர்போனுக்கு 75 டெசிபல் சத்தம் வர 4 மில்லிவோல்ட் காணும். மிச்சத்தை எல்லாம் குமிழ்தான் விழுங்கணும். குமிழுக்குள்ள இருக்கிற மலிவான இரட்டைப் பொட்டென்சியோமீட்டர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெசிஸ்டர்) அடிமட்டத்துல ரெண்டு பக்கமும் ஒத்துப்போகாது, அதனால பாட்டு ஒரு காதுக்குச் சாய்ஞ்சு கிடக்கும். கெயின் 1க்கு ஒரு சுவிட்ச் வைக்க என்ன செலவுகா?

அதுக்குப் பதிலா சில பேர் வெளியீட்டில 10 ஓம் ரெசிஸ்டரை மட்டும் தொடராப் போட்டு விடுறாங்க. ஆர்மேச்சர் வகை இயர்போனோட இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும், அதோட இந்த 10 ஓம் சேர்ந்தா தொனியே கெட்டுப் போகும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 10 ஓம் தொடராகவும் 1 ஓம் குறுக்காகவும் போட்டா 21 டெசிபல் குறையும், இயர்போன் பார்க்கிற வெளியீட்டு எதிர்ப்பு 1 ஓமுக்கும் கீழ. நாலு ரெசிஸ்டர், அவ்வளவுதான்.

இன்னொண்டு, கரண்ட் போய் வந்தா கெயினை மறந்து 'ஹை'யில எழும்புற டிஜிட்டல் சுவிட்ச். காதுல மாட்டியிருந்தா காது முடிஞ்சுது. சாதாரண தள்ளு சுவிட்சுக்கு இந்த வியாதியே இல்ல. இலங்கைக் கிழக்குக் கரையில கல்லடி, கல்முனைப் பக்கம் உப்புக் காத்துக்கு ஜாக்கும் பொட்டென்சியோமீட்டரும் கரகரக்கும், ஆனா பெட்டியைத் திறந்து கிளீனர் அடிக்க விடாம மூடியை ஒட்டியே வைக்கிறாங்க.