ஓர் எலுமிச்சம்பழம் என்று எழுதினால் எந்த எலுமிச்சம்பழம்?

நேற்று மாலை மூன்றாவது முறையாக ஒரு தட்டு நிறைய குக்கீகளைக் குப்பைக் கூடையில் கொட்டினேன். 100 கிராம் வெண்ணெய், ஒரு முட்டை, சர்க்கரை, மாவு, அரை நாள் உழைப்பு எல்லாம் அதோடு போயின. என் மகள் தன் பிறந்தநாளுக்கு வகுப்புத் தோழிகளுக்குக் கொண்டுபோக மென்மையான எலுமிச்சைக் குக்கீ கேட்டிருந்தாள். மேலே லேசாக வெடித்து, விரலால் அழுத்தினால் அமுங்கி, வாயில் போட்டதும் கரைகிற வகை. கடையில் வாங்க வேண்டாம், நானே செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான்தான். தமிழ்க் காணொளிகளில் பார்த்த சமையல் குறிப்பை மீறி நான் எதையாவது செய்து கெடுத்திருந்தால் ஒப்புக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். குறிப்பில் சொல்லியிருந்ததைச் சொல்லியிருந்தபடியே செய்தேன் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

முதல் வரியிலேயே தொடங்குகிறது வம்பு: 'ஓர் எலுமிச்சம்பழத்தின் தோல் துருவலும் சாறும்.' இதை முதலில் எழுதிய அமெரிக்கரின் கையில் இருந்தது லெமன். அது நூறு கிராமுக்கு மேல் எடையுள்ள, தடித்த தோலுடைய, முனையில் காம்பு போல் நீண்ட மஞ்சள் பழம். ஒன்றைப் பிழிந்தால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி சாறு வரும். துருவினால் ஒரு மேசைக்கரண்டி வரை துருவல் கிடைக்கும். மதுரையில் நான் வாங்குவதும், தென்காசிப் பக்கம் புளியங்குடியில் மூட்டை மூட்டையாக ஏலம் போவதும் வேறு இனப் பழம். ஆங்கிலத்தில் அதை லைம் என்பார்கள். நாற்பது ஐம்பது கிராம்தான் இருக்கும். தோலோ காகிதம் போல மெல்லியது. அந்தக் குறிப்பைத் தமிழில் சொல்கிறவர், தன் கையிலும் இந்தச் சின்னப் பழத்தையே வைத்துக்கொண்டு, 'ஒரு எலுமிச்சம்பழம்' என்று கூசாமல் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் ஒருமுறையாவது அந்த அளவில் செய்து தின்று பார்த்திருந்தால், அந்தக் குக்கீயில் எலுமிச்சையின் வாசமே இருக்காது என்று தெரிந்திருக்கும். என் முதல் தட்டு அப்படித்தான் ஆனது. வெறும் சர்க்கரை பிஸ்கட்.

இரண்டாவது முறை நான்கு பழங்களைத் துருவினேன். மெல்லிய தோல் என்பதால் துருவியை இரண்டு முறை இழுத்தாலே மணமுள்ள மேல்தோல் போய், அடியிலிருக்கும் வெள்ளைப் பகுதி வந்துவிடுகிறது. கசப்பு பெரும்பாலும் அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. ஓர் இடத்தில் ஒரே இழுப்பு, உடனே பழத்தைத் திருப்பிவிட வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? சாற்றைக் கூட்டினால் வாசம் கூடும் என்று நினைத்து நான்கு பழத்தின் சாற்றையும் ஊற்றியது அடுத்த இழப்பு. சாறு பெரும்பாலும் நீர். அதில் புளிப்பு உண்டு, அடுப்பில் நிலைக்கிற மணம் குறைவு. எலுமிச்சையின் மணம் தோலில் உள்ள எண்ணெயில் இருக்கிறது, அந்தத் துருவலைச் சர்க்கரையோடு சேர்த்து விரல்களால் கசக்கினால் எண்ணெய் சர்க்கரையில் இறங்கும் என்பதை நானாகத் தேடித்தேடித்தான் கண்டுபிடித்தேன். கசக்கிய சர்க்கரை ஈர மணலைப் போலச் சேர்ந்து, இளமஞ்சளாக மாறி, சமையலறை முழுவதும் மணந்தது. இந்த ஒரு வேலைதான் குக்கீக்கு உயிர். நான் பார்த்த ஐந்தாறு காணொளிகளில் ஒன்றில்கூட அது இல்லை.

அடுத்தது 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்'. யாருடைய அறை? வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பது, சர்க்கரைப் பரல்கள் வெண்ணெய்க்குள் காற்றை அடைக்க வேண்டும் என்பதற்காக. அதற்கு வெண்ணெய் 18 முதல் 20 டிகிரியில், விரல் பதிந்தால் குழி விழுகிற பதத்தில் இருக்க வேண்டும். வெயில் கால மதுரையில் என் சமையலறை 36 டிகிரி; வெண்ணெயோ முப்பதைத் தாண்டினாலே உருக ஆரம்பித்துவிடும். குறிப்பு சொன்னபடி ஒரு மணி நேரம் வெளியே வைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது கிண்ணத்தில் எண்ணெய் மிதந்தது. அதை அடித்து, மாவு சேர்த்து, உருட்டி வைத்த மூன்றாவது தட்டு அடுப்புக்குள் போன ஐந்தாம் நிமிடத்தில் பரவி, ஒன்றோடொன்று ஒட்டி, தட்டு முழுவதும் ஒரே அப்பளமாகிவிட்டது. 'அம்மா, இத வெட்டியாச்சும் கொண்டு போறேன்மா' என்று மகள் என்னைத் தேற்றினாள். அதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடியுங்கள், உருட்டியதும் ஒரு மணி நேரம் மறுபடி குளிர வையுங்கள் என்று நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்ல முடியாதவர்கள் தமிழில் எதற்காகச் சொல்ல வேண்டும்?

'பொன்னிறமாகும் வரை' என்ற சொல்லை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. வடைக்கும் முறுக்குக்கும் சொல்கிற பக்குவத்தை யோசிக்காமல் இதற்கும் ஒட்டிவிடுகிறார்கள். மென்மையான குக்கீ முழுவதும் பொன்னிறமானால் அது மென்மையாக இருக்காது. ஓரம் மட்டும் கெட்டிப்பட்டு, நடுப்பகுதி வேகாதது போல் வெளிறித் தெரியும்போதே எடுத்துவிட வேண்டும். சூடான தட்டிலேயே ஐந்து நிமிடம் இருந்தால் மிச்சத்தை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். எடுக்கும்போது தொட்டால் உடைகிற அளவுக்குக் குழைவாக இருப்பதுதான் சரியான பக்குவம். இது தெரியாமல் முதல் இரண்டு முறையும் நிறம் வரட்டும் என்று காத்திருந்தேன். ஆறியதும் கையில் கிடைத்தவை தட்டைகள். அதற்கு மேல், 180 டிகிரி என்று நான் திருப்பி வைத்த ஓடிஜி என்ற சின்ன மின் அடுப்பு உள்ளே 205 டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தது என்பது, தனியாக ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே வைத்த பிறகுதான் தெரிந்தது. வீட்டு அடுப்புகள் பலவற்றில் இப்படி இருபது டிகிரி ஏறி இறங்கும். அதைச் சொல்லாமல் நிமிடக் கணக்கு மட்டும் கொடுப்பதில் ஒரு பயனும் இல்லை.

'சோடா உப்பு அல்லது பேக்கிங் பவுடர், எது இருக்கிறதோ அதைப் போடுங்கள்' என்று ஒரு காணொளியில் கேட்டேன். ஒரே அளவில் சோடா உப்பு பேக்கிங் பவுடரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வலுவானது. ஒரு தேக்கரண்டி பவுடருக்குப் பதிலாக ஒரு தேக்கரண்டி சோடா போட்டால் குக்கீயில் சோப்பு வாடை அடிக்கும். கப் கணக்கும் இதே போலத்தான். ஒரு கப் மைதா என்பது கரண்டியால் அள்ளித் தூவி நிரப்பினால் 120 கிராம்; கப்பை மாவுக்குள் விட்டு மொண்டால் 150 கிராம். கப்பே சிலவற்றில் 240 மில்லி, சிலவற்றில் 250.

இதையெல்லாம் சொன்னால் 'கைப்பக்குவம் வேணும்' என்று வாயை அடைக்கிறார்கள். என் அத்தைக்கு முறுக்கில் கைப்பக்குவம் உண்டு. நான்கு ஆழாக்கு அரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்த ஆழாக்கு அவர் மாமியார் காலத்திலிருந்து வீட்டில் இருக்கிற அதே பித்தளை ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று அளவுக்குக் கணக்கு வைத்திருந்தவர்கள் நம் பாட்டிமார்கள். அளவு நிலையாக இருந்ததால்தான் அதன் மேல் பக்குவம் வளர்ந்தது. ஊர் மாறி, பழம் மாறி, கப் மாறி வந்த ஒரு குறிப்பை அப்படியே ஒப்பித்துவிட்டு, பிழையைச் செய்து பார்க்கிறவள் கையின் மேல் போடுவதற்குப் பக்குவம் என்று பெயர் வைக்காதீர்கள். மின்னணுத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கிராமில் எழுதுங்கள்.

இன்று விடியற்காலை ஐந்து மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், நான்காவது முறையாக உட்கார்ந்தேன். இந்த முறை என் தராசை மட்டுமே நம்பினேன். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், மிக்ஸியில் ஒரே சுற்று சுற்றிய சர்க்கரை 130 கிராம், அதில் கசக்கிய நான்கு பழங்களின் தோல் துருவல், ஒரு முட்டை, சாறு ஒரு மேசைக்கரண்டி மட்டும். மைதா 190 கிராம், கார்ன்ஃப்ளார் (மக்காச்சோள மாவு) 10 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, சோடா உப்பு கால் தேக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை. 30 கிராம் உருண்டைகளாக உருட்டி, ஒரு மணி நேரம் குளிர வைத்து, வெப்பமானி 175 காட்டிய பிறகு பதினொரு நிமிடம். பதினாறு வந்தன. ஆறும்வரை பொறுக்காமல் மகள் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் நடுவில் அழுத்திப் பார்த்தாள், அமுங்கியது.