அத்தாதுர்க்: எழுத்து மாற்றத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே

துருக்கிக் குடியரசை நிறுவி அதன் முதல் ஜனாதிபதியான முஸ்தபா கெமால் அத்தாதுர்க் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் துருக்கி மொழியை அரபு எழுத்திலிருந்து லத்தீன் எழுத்துக்கு அவர் மாற்றியதை 'சாதனை' என்று ஒரே வரியில் முடித்தது உறுத்துகிறது.

மாற்றத்துக்கான காரணம் நியாயமானதுதான். துருக்கி மொழியில் எட்டு உயிரொலிகள். அரபு எழுத்தில் அவற்றைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. அன்று படிக்கத் தெரிந்தவர்களே ஏறக்குறைய பத்தில் ஒருவர். 1928 நவம்பரில் சட்டம் வந்தது, 1929 ஜனவரியிலிருந்து புத்தகமெல்லாம் லத்தீன் எழுத்தில். ஜனாதிபதியே சாக்பீஸோடு கரும்பலகை முன் நின்று பாடம் எடுத்தார். எந்தத் தலைவர் அப்படிச் செய்வார்?

சரி, இழப்பு? 1927-ல் கட்சி மாநாட்டில் ஆறு நாட்களாக, 36 மணி நேரத்துக்கு மேல் அவர் ஆற்றிய உரை பழைய எழுத்தில்தான் அச்சானது. அப்புறம் அரபு, பாரசீகச் சொற்களையும் களையெடுத்தார்கள். விளைவு, தேசத்தந்தையின் பேச்சையே இன்றைய துருக்கி மாணவருக்கு எளிய துருக்கியில் மாற்றி எழுதித் தர வேண்டியிருக்கிறது. தாத்தாவின் கல்லறை எழுத்தைப் பேரனால் வாசிக்க முடியாது.

1934-ல் பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை கொடுத்ததை மனதாரப் பாராட்டலாம். பிரான்ஸே 1944-ல்தான் கொடுத்தது. ஆனால் 1937-38-ல் கிழக்குத் துருக்கியின் தெர்சிம் பகுதியில் ராணுவ நடவடிக்கையில் ஆயிரக்கணக்கான அலெவி (சிறுபான்மை இஸ்லாமியப் பிரிவு) குர்துகள் கொல்லப்பட்டபோதும் ஜனாதிபதி அவர்தான். 2011-ல் பிரதமராக இருந்த எர்டோகன் அதற்காக மன்னிப்புக் கேட்டார் (எதிர்க்கட்சி அத்தாதுர்க் தொடங்கிய கட்சி என்பதால், அதைக் குத்தும் அரசியலும் அதில் உண்டு). கட்டுரையில் தெர்சிம் என்ற பெயரே இல்லையே, ஏன்?