கொலஸ்ட்ராலுக்கு மாத்திரையா, சப்ளிமென்ட்டா?

ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 170, 180 என்று வந்ததும், அதைக் குறைக்க டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டாட்டின் மாத்திரையை அலமாரியில் போட்டுவிட்டு, அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்துப் பூண்டு கேப்சூலும் மீன் எண்ணெய் கேப்சூலும் வாங்குகிறவர்கள் என்னைச் சுற்றி நிறைய பேர் இருக்கிறார்கள். கேட்டால், "மாத்திரை ஆரம்பிச்சா விடவே முடியாது, கல்லீரல் போயிடும், இதுன்னா இயற்கை" என்கிறார்கள். அந்த 'இயற்கை' என்ற பேச்சைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஸ்டாட்டின் எங்கிருந்து வந்தது? பூஞ்சையிலிருந்து. ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ 1970களில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்துத்தான் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை அது தடுக்கிறது, உடனே கல்லீரல் தனக்கு வேண்டியதை ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லிலிருந்து இழுத்துக்கொள்கிறது. 1987ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினும் பூஞ்சையில் கிடைத்ததுதான்.

இப்போது ஆன்லைனில் விற்கும் 'ரெட் ஈஸ்ட் ரைஸ்' கேப்சூலுக்கு வாருங்கள். (நம்ம ஊர் சிவப்பரிசிக்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது அரிசியில் ஒரு பூஞ்சையை வளர்த்துச் செய்வது.) அதில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சரக்கின் பெயர் மொனகோலின் கே. வேதியியல்படி அது அப்படியே லோவாஸ்டாட்டின். ஆக, ஸ்டாட்டினுக்குப் பயந்து இதை விழுங்குகிறவர் விழுங்குவதும் ஸ்டாட்டினேதான், ஒரே வித்தியாசம், எத்தனை மில்லிகிராம் உள்ளே போகிறது என்று அவருக்கும் தெரியாது, அவருடைய டாக்டருக்கும் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2022ல் ஒரு நாள் அளவில் மொனகோலின் 3 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டது. 2024 மார்ச்சில் ஜப்பானில் கோபயாஷி நிறுவனம் இதே வகை சப்ளிமென்ட்டைத் திரும்பப் பெற்றது, தயாரிப்பில் வேறொரு பூஞ்சை புகுந்து நச்சு கலந்து, சாப்பிட்டவர்களில் பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று.

சரி, மற்றவை? 2022ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் சுமார் 200 பேரை வைத்துச் சோதித்தது. 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் ஒரு பக்கம், மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், ரெட் ஈஸ்ட் ரைஸ் என்ற ஆறும் இன்னொரு பக்கம், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் (பிளாசிபோ) உண்டு. 28 நாளில் ரோசுவாஸ்டாட்டின் எல்டிஎல்லைச் சுமார் 38 சதவீதம் இறக்கியது. ஆறு சப்ளிமென்ட்டுகளும் வெறும் மாத்திரையைத் தாண்டிக் குறிப்பிடும்படி எதுவும் செய்யவில்லை, பூண்டு எடுத்தவர்களுக்கு எல்டிஎல் கொஞ்சம் ஏறியே இருந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஸ்டாட்டின் விற்கும் கம்பெனி, 28 நாள் என்பதும் குறைவுதான், இரண்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் ஸ்டாட்டின் மாரடைப்பையும் மரணத்தையும் குறைக்கிறது என்பதற்கு 4,444 பேரை வைத்து நடந்து 1994ல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்விலிருந்து வரிசையாகச் சான்று இருக்கிறது. பூண்டு கேப்சூலுக்கு அப்படி ஒன்று காட்டுங்கள் பார்ப்போம்.

பக்கவிளைவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தசைவலி வரலாம், சிலருக்குச் சர்க்கரை சற்று ஏறலாம், கர்ப்ப காலத்தில் பொதுவாக நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் தொந்தரவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு லண்டனில் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் வெறும் மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது, ஸ்டாட்டினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்தது. வலி பொய்யில்லை, காரணம்தான் பெரும்பாலும் வேறு. அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், ஸ்டாட்டின் அல்லாத எசெட்டிமைப் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையும் இருக்கிறது.

உணவை நான் குறைத்துப் பேசவில்லை. ஓட்ஸ், இசப்கோல், பயறு எல்லாம் எல்டிஎல்லைக் கொஞ்சம் இறக்கும். சோறும் இனிப்பும் மதுவும் குறைந்தால் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு நன்றாகவே இறங்கும், அது நம்மவர்களுக்கு அதிகம் இருக்கிற பிரச்சினை. ஆபத்து குறைவாக உள்ள ஒருவர் டாக்டரிடம் சொல்லிவிட்டு மூன்று மாதம் உணவு, நடை என்று முயன்று மறுபடி டெஸ்ட் எடுப்பது நியாயம். ஸ்டென்ட் வைத்தவரும், பரம்பரையாகவே எல்டிஎல் 200ஐத் தாண்டுகிற குடும்பத்தில் பிறந்தவரும் வாட்ஸ்அப் வீடியோ பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏற்கெனவே கேப்சூல் எடுக்கிறவர்கள் அடுத்த முறை அந்த டப்பாக்களையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ரெட் ஈஸ்ட் ரைஸாலும் மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் கேப்சூலாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு, நீங்கள் சொல்லாவிட்டால் பழி மாத்திரைமேல் விழும், உங்களுக்குத் தேவையான மருந்தை அவர் நிறுத்திவிடுவார்.