அவரது துணைவியார்

அப்பா ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்றபோது சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். வடமாநிலப் பணித்தளத்தில் 31 வருஷம் இருந்தவர். மேடையில் ஆறு பேர் பேசினார்கள். நடந்த தூரம், வந்த மலேரியா, சந்தித்த எதிர்ப்பு, ஞானஸ்நானக் கணக்கு எல்லாம் சொன்னார்கள். சால்வை போட்டார்கள். கடைசியில் போட்டோ எடுக்கும்போதுதான் மைக்கில், "அவரது துணைவியாரும் மேடைக்கு வரலாம்" என்றார்கள். அம்மா பின்வரிசையில் பேத்தியை மடியில் போட்டுத் தூங்கவைத்திருந்தார். எழுந்தால் பிள்ளை முழித்துக்கொள்ளும் என்று கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் படத்தில் அம்மா இல்லை.

சபை மேல் கோபமில்லை. மனதாரத்தான் செய்தார்கள். ஆனால் மிஷனெரி கதையை நாம் இப்படியே சொல்லிப் பழகிவிட்டோம் என்று அன்றைக்கு உறைத்தது.

ஞாயிறு பள்ளியில் வில்லியம் கேரியை யார்தான் படிக்கவில்லை? இங்கிலாந்தில் செருப்பு தைத்தவர், மிஷனெரியாக வங்காளத்துச் செராம்பூருக்கு வந்தார், 1801இல் வங்காளிப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். டாரத்தி என்ற பெயரை நான் முப்பது வயதுக்கு மேல்தான் கேள்விப்பட்டேன். 1781இல் கேரியைக் கட்டிக்கொண்டபோது திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாமல் சிலுவைக்குறி போட்டவர். 1793இல் கணவர் இந்தியா போகிறேன் என்றபோது கர்ப்பிணி. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு கேரி புறப்பட்டார். அனுமதிச் சீட்டு இல்லாததால் அந்தக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். திரும்ப வீட்டுக்கு வந்து கேட்டபோதும் டாரத்தி மறுத்தார். கூட இருந்த ஜான் தாமஸ் இன்னொரு முறை போய், இப்போது வராவிட்டால் உயிரோடிருக்கும் வரை வருந்துவாய் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தார். தங்கையும் வந்தால் வருகிறேன் என்றார் டாரத்தி. பிறந்து சில வாரமே ஆன குழந்தையோடு கப்பலேறினார்.

அடுத்த வருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனான். அதோடு டாரத்தியின் மனம் உடைந்தது. 1807இல் சாகும்வரை அவர் தெளியவேயில்லை, பல காலம் அறைக்குள் வைத்துப் பூட்டவேண்டியிருந்தது. பக்கத்து அறையில் மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருந்தது.

எங்கள் வகுப்பில் இதைச் சொன்ன ஒரே ஆள், "மனைவி மூலமாகச் சாத்தான் அவரைச் சோதித்தான்" என்று ஒரு வரியில் முடித்தார். ஒரு தாய் பிள்ளையைப் புதைத்துவிட்டுப் பித்துப் பிடித்து நிற்பது நமக்குக் கணவரின் சோதனையாக மட்டும் தெரிகிறது.

ஆப்பிரிக்காவுக்கு மிஷனெரியாகப் போன டேவிட் லிவிங்ஸ்டன் கதையும் ஏறக்குறைய இதுதான். அவர் மனைவி மேரி தென்னாப்பிரிக்காவிலேயே மிஷனெரி வீட்டில் பிறந்தவர், அந்த மண்ணும் மொழியும் கணவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். 1852இல் அவரையும் பிள்ளைகளையும் பிரிட்டனுக்கு அனுப்பிவிட்டு லிவிங்ஸ்டன் ஆப்பிரிக்காவைக் குறுக்காகக் கடக்கப் போனார். நாலு வருஷத்துக்கு மேல் ஆயிற்று திரும்பிவர. சொந்த வீடில்லாமல் மேரி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அங்கும் இங்கும் அலைந்த அந்த வருஷங்கள்தான் நமக்கு வீரக் கதையாக வந்து சேர்ந்திருக்கின்றன. 1862இல் சாம்பேசி ஆற்றங்கரையில் காய்ச்சலில் போய்விட்டார்.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டர், 1870இல் ராணிப்பேட்டையில் மிஷனெரி வீட்டில் பிறந்தவர். ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து பிரசவத்துக்கு அழைத்தது, அவருக்கு வைத்தியம் தெரியாது, ஆண் மருத்துவர் என்பதால் அப்பாவை அவர்கள் ஏற்கவில்லை, விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கதை தெரியும். அதற்கு முந்தைய ஒரு இரவு பலருக்குத் தெரியாது. பதின்வயதில் ஐடாவை அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, முன்னமே இந்தியா திரும்பியிருந்த அப்பாவிடம் அம்மா புறப்பட்டார். அன்றிரவு அம்மா படுத்த தலையணையில் முகம் புதைத்து அந்தப் பெண் அழுது தீர்த்தது. நான் மிஷனெரியாகவே மாட்டேன் என்று பிறகு பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் அந்தப் பெண்தான். அந்தப் பிடிவாதத்தை 'உலக ஆசை' என்று ஒரு கன்வென்ஷன் பிரசங்கத்தில் கேட்டேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது. உலக ஆசையா? அம்மா ஆசை ஐயா அது.

எனக்கு அது தெரியும். ஆறு வயதில் என்னை மிஷனெரி பிள்ளைகள் விடுதியில் சேர்த்தார்கள். மாசத்துக்கு ஒரு இன்லேண்ட் கடிதம் வரும். "இயேசுவின் இனிய நாமத்தில் அன்பு மகளுக்கு" என்று அப்பா ஆரம்பித்து, கிராமங்கள், கூட்டங்கள், ஜெபக்குறிப்புகள் எல்லாம் எழுதி, ஒரு வசனத்தோடு முடிப்பார். தாள் முழுக்க நிரம்பிவிடும். மடித்து ஒட்டும் ஓரத்தில் மிச்சமிருக்கும் விரற்கடை இடத்தில்தான் அம்மாவின் எழுத்து பக்கவாட்டில் ஓடும். "நகம் வெட்டு. தலைக்கு எண்ணெய் வை. முன்பல் விழுந்துட்டா? அக்காமாரோட சண்ட போடாத." கடிதத்தைப் பிரித்ததும் திருப்பித் திருப்பி அந்த ஓரத்தைத்தான் முதலில் படிப்பேன். பசை ஒட்டியிருக்கும் இடத்தில் சில எழுத்து கிழிந்துபோகும். கிழிந்தது என்னவாக இருக்கும் என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசிப்பேன்.

அப்பாவைக் குறை சொல்ல எழுதவில்லை. அவர் விசுவாசம் பொய்யில்லை. நானும் இன்றுவரை அந்த விசுவாசத்தில்தான் நிற்கிறேன். வருஷ விடுமுறைக்குப் போகும்போது விளக்கு வெளிச்சத்தில் குடும்ப ஜெபம் நடக்கும். முழங்காலில் நின்றபடியே நான் தூங்கிச் சாய்வேன், அப்பா ஜெபத்தை நிறுத்தாமல் ஒரு கையால் என்னைத் தாங்கிக்கொள்வார். அந்தக் கை நிஜம். வருஷத்தில் மீதிப் பத்து மாசம் அந்தக் கை இல்லாததும் நிஜம்.

இப்படிப் பேசினால் உடனே மத்தேயு 10:37 வரும். தகப்பனையும் தாயையும் பிள்ளையையும் என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல. சரி. தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியைவிடக் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8இல் இருக்கிறதே, அதை எந்த மிஷனெரி ஞாயிறில் வாசித்தோம்? பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாம் வார்த்தையை வருஷா வருஷம் தியானிக்கிறோம். உலகத்தின் மீட்புக்காக உயிர் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் தன் அம்மா இனி யார் வீட்டில் இருக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்கிறார். ஊழியம் பெரிது, வீடு சின்னது என்று அவர் பிரித்துப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸைச் சொல்வீர்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவரையும் இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தார்கள். பிலிப்புக்கு 10 வயது, திமோத்திக்கு 6. மன்னிக்கிறேன் என்றார், மகளோடு அங்கேயே தங்கித் தொழுநோயாளிகளுக்கு வேலை செய்தார். 2005இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரை நினைத்தால் எனக்கும் தலை தாழ்கிறது. ஆனால் 1983இல் கல்யாணமாகி, பாரிபடாவில் அவர் குடும்பம் நடத்திய அத்தனை வருஷமும் நாம் அவர் பெயரைக் கேட்டிருந்தோமா? விதவையான பிறகுதானே கேட்டோம்.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு குடும்பத்தைப் பணித்தளத்துக்கு அனுப்பும்போது அந்த அம்மாவைத் தனியாக உட்காரவைத்து, உங்களுக்கும் அழைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று சொல்லும் உரிமையோடு கேளுங்கள். விடுமுறையில் வருகிற மிஷனெரியிடம் எத்தனை ஆத்துமா என்று விசாரிப்பதற்கு முன்னால் பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள், என்ன படிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அறிக்கையில் 'துணைவியார்' என்று போடாமல் பெயரைப் போடுங்கள். அச்சுக்கூலி ஒன்றும் கூடிவிடாது.

போன மாசம் அம்மாவிடம் கேட்டேன். "அப்போ உங்ககிட்ட யாராவது கேட்டாங்களாம்மா?"

"கேட்டாங்களே. மாப்பிள்ளை பிடிச்சிருக்கான்னு கேட்டாங்க."

"ஊழியத்துக்குப் போக இஷ்டமான்னு?"

அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மணி ஏழாகுது, ஜெபத்துக்கு உட்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். அந்தப் பணித்தளத்து ஆட்களை ஒவ்வொருவராக, அவர்கள் மொழியிலேயே பெயர் சொல்லி ஜெபித்தார். பிரசவம் பார்த்தவர்கள், கையைப் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரன்கள். அப்பாவின் கால்வலி வந்தது. பிறகு நான், என் வீட்டுக்காரர், குழந்தை. ஆமென் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவருக்காக ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.