காலையில் 118, சாயங்காலம் 318

எங்கள் பெரியம்மா ஒரு நாளும் பீடி, சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனால் நாற்பது வருஷம் விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதியவர். அறுபது வயதில் மூச்சிரைப்பு வந்தபோது நாங்கள் எல்லோரும் வீசிங் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அது சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் நாள்பட அடைபட்டுப்போகும் நுரையீரல் நோய் என்று தெரிந்தது. சுகர் அதற்கு முன்பே ஏழெட்டு வருஷமாக இருக்கிறது. மூச்சுக்கு ஒரு டாக்டர், சுகருக்கு ஒரு டாக்டர், இரண்டு ஃபைல். ஒருவர் எழுதியதை இன்னொருவரிடம் காட்ட வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

போன மார்கழியில் சளி கட்டி மூச்சு முட்டிவிட்டது. நெபுலைசர் வைத்து, ஐந்து நாளைக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். மூச்சு சரியாகிக்கொண்டே வந்தது. ஆனால் மூன்றாம் நாள் நாக்கு வறண்டு, ராத்திரி ஐந்தாறு தடவை எழுந்து போனார். காலையில் வெறும் வயிற்றில் வீட்டு மெஷினில் பார்த்தால் 118. சுகர் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டோம். மனசு கேட்காமல் என் தங்கை சாயங்காலம் நாலு மணிக்கு விரலைக் குத்திப் பார்த்தாள். 318.

காலையில் போடும் ஸ்டீராய்டு மாத்திரை, மதியச் சாப்பாட்டிலிருந்து இரவு வரைதான் சுகரை அதிகமாக ஏற்றும். விடிவதற்குள் அதன் வேகம் அடங்கிவிடும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாமலே போகலாம். இதை ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும்! அதற்காக ஸ்டீராய்டைத் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. மூச்சு முட்டும் நேரத்தில் அது உயிர் காக்கும் மருந்து, நீங்களாக நிறுத்தவும் கூடாது. அதை எழுதும்போதே, "எனக்குச் சுகர் இருக்கிறது, மத்தியானத்துக்கு மேல் எப்போது பார்க்கட்டும், எவ்வளவு ஏறினால் போன் செய்யட்டும்" என்று கேட்டுவிடுங்கள்.

மூச்சு நோய்க்கும் சுகருக்கும் உள்ள உறவு இந்த மாத்திரையோடு முடிவதும் இல்லை. புகை நுரையீரலில் கிளப்பும் அழற்சி ரத்தத்திலும் பரவி, இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் கூடுதல். மூச்சு வாங்குகிறதே என்று நடை குறையும். நடை குறைந்தால் தசை கரையும். ரத்தத்துச் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வது தசைதான்.

சாப்பாட்டில்தான் நாங்கள் ரொம்பத் தடுமாறினோம். மென்று சாப்பிடவே மூச்சு வாங்கும் என்பதால் பெரியம்மாவுக்குக் கஞ்சியும் டீயில் நனைத்த ரஸ்க்கும்தான் இறங்கும். இரண்டும் சுகரை ஏற்றும். சரி, சாப்பாட்டைக் குறைப்போம் என்றால், சிஓபிடி இருப்பவர் மெலிந்து போவதும் ஆபத்து. இப்போது கஞ்சியில் பாதி பாசிப்பயறு, கூடவே ஒரு முட்டை, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை.

இரண்டு ஃபைலையும் ஒரே பையில் போட்டுவிட்டோம். மூச்சுக்கு இழுக்கும் ஸ்டீராய்டு பஃப் எடுத்ததும் வாய் கொப்பளிக்கிறார். சுகர் இருப்பவர்களுக்கு வாயில் பூஞ்சை சீக்கிரம் வரும். வீட்டுக்குக் கேஸ் வந்து பல வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் வெந்நீருக்கு மட்டும் அவருக்கு விறகுதான் வேண்டும். அந்த அடுப்பை அணைக்கச் சொல்லித்தான் தினமும் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம்.