கார்க் கதவு லொக்கை மாத்த முதல் பிணைச்சலைப் பாருங்கோ

"மொறிஸ் மைனர் கார் ஓடேக்க கதவு திறந்தால் லொக் முடிஞ்சுது, கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையளில வேற வாங்கிப் போடுறதுதான் ஒரே வழி, அதுவரைக்கும் கயிறு கட்டி ஓடலாம்" எண்டு மேல எழுதியிருக்கிறியள். பிழை அண்ணை. முதல்ல கதவைத் திறந்து, நுனியில பிடிச்சு மேல தூக்கிப் பாருங்கோ. ஆடினால் பிணைச்சலின்ர ஆணி தேய்ஞ்சு கதவு இறங்கிட்டுது. எந்தப் புது லொக்கைப் போட்டாலும் கதவு சாத்துற பக்கத் தூணில இருக்கிற தகட்டில சரியாய்க் கொழுவாது. ஆடாட்டி, அந்தத் தகட்டின்ர ஸ்குரூவைக் கொஞ்சம் இளக்கி, மயிரிழை மயிரிழையாய் நகர்த்தி, கதவு இறுக்கமாய்க் கொழுவுமட்டும் சாத்திச் சாத்திப் பாருங்கோ. புதுசா ஒட்டின ரப்பர் தடிப்பெண்டாலும் கதவை வெளியில தள்ளும். லொக்குக்குள்ள பழைய கிறீஸ் இறுகியிருந்தால் மண்ணெண்ணெயில கழுவி எண்ணெய் விடுங்கோ, கனக்க லொக் அதோடயே சரிவரும். கயிறு கட்டிக்கொண்டு மட்டும் காலி வீதியில பிள்ளையளை ஏத்தாதேங்கோ.