முதல் தம் எப்போதும் ஓசிதான்

சிகரெட் விலை ஏறும்போதெல்லாம் ஒரு குரல் கேட்கும்: “எவ்வளவு ஏத்தினாலும் பிடிக்கிறவன் பிடிச்சுக்கிட்டுதான் இருப்பான்.” இருபது வருடமாகப் பிடிப்பவர் விஷயத்தில் அது ஓரளவு சரி. பதினைந்து வயதுப் பையன் விஷயத்தில் சரியே இல்லை.

நான் முதலில் இழுத்த சிகரெட்டுக்கு நான் காசு கொடுக்கவில்லை. நான்கு பேர், ஒரு சிகரெட், தலைக்கு இரண்டு இழுப்பு. என் கைக்கு வரும்போது பஞ்சு எச்சிலில் ஊறிப்போயிருந்தது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. என்னை இழுக்க வைத்தது நிகோடின் இல்லை, மற்ற மூன்று பேரின் முகம்.

சரி, ஓசியில் கிடைத்ததற்கு விலை என்ன செய்யும்? கொடுப்பவனின் கையைச் சுருக்கும். பாக்கெட் வாங்கியவன் அதை ஒளித்து வைக்க ஆரம்பிப்பான். விலை 10 சதவீதம் ஏறினால் புகையிலை நுகர்வு பணக்கார நாடுகளில் சுமார் 4 சதவீதமும், மற்ற நாடுகளில் சுமார் 5 சதவீதமும் குறையும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பதின்வயதினரிடம் இன்னும் அதிகமாகவே குறையும். கையில் இருப்பது அப்பா கொடுத்த காசு, பழக்கமும் இன்னும் ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று ஒன்றாக விற்றால் மட்டும் இந்தக் கணக்கு கெட்டுவிடும். பாக்கெட்டின் விலை பையன் கண்ணில் படவே படாது. 2005இல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, ஒன்று ஒன்றாக விற்பதைத் தடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அப்புறம் அந்த மூன்று முகங்கள். அறுபது வயதில் புற்றுநோய் வரும் என்றால் பதினைந்து வயதில் யார் பயப்படுவார்கள்? “கிட்ட வராதே, நாறுது” என்று கூடப் படிப்பவள் சொன்னால் சுருக்கென்று குத்தும். அமெரிக்காவில் 1997இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் சுமார் 36 சதவீதம் பேர் புகைத்தார்கள். 2019இல் அது 6 சதவீதம். இடையில் விலையும் ஏறியது, புகைப்பவனைப் பார்க்கும் பார்வையும் மாறியது. ஒன்றில்லாமல் மற்றது மட்டும் இவ்வளவு செய்திருக்காது என்பது என் கட்சி.

ஆனால் அதே 2019இல் அங்கே நான்கில் ஒரு மாணவருக்கு மேல் மின்சிகரெட் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களாவது அன்று வீட்டுக்குள் நுழையும் முன் மூன்று தடவை வாய் கொப்பளித்தோம். இவர்களுக்கு அந்த வேலையும் மிச்சம். இழுத்துவிட்டு வந்தால் மாம்பழ வாசனை அடிக்கிறது.